முன்வரிசையில் மட்டும் அறுந்த இணைப்பு

என் மகளை ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கள்ளி என்று சொன்னவரை நான் முதலில் பார்த்தது ஆனைக்கரையில் ஒரு டீக்கடையில். அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக் கீழே வைக்கவும் தெம்பில்லாமல் நின்றிருந்தேன். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து இடம் விட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

“உக்காருங்கம்மா. பழக்கமில்லாதவுகளுக்கு இந்த மலை அப்பிடித்தான் தலையச் சுத்தும். ஏப்பா, அம்மாவுக்கு ஒரு சுக்குக் காப்பி போடு. பாலு ஊத்தாத.”

சட்டைப் பையிலிருந்து சில ஏலக்காய்களை எடுத்து நீட்டினார். “வாயில ஒதுக்கிக்கங்க. சரியாப் போகும்.” வாங்கிக்கொண்டேன். நல்ல பச்சை, நல்ல பருமன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். மகளை என்றேன். “பிள்ள இங்க வேலை பாக்குதா? நல்லது நல்லது” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனார்.

எதற்காக வந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

எங்கள் வீடு பொள்ளாச்சியை ஒட்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் கோவிந்தாபுரத்தில். வீட்டுக்காரர் தென்னையும் மாவும் பார்க்கிறார். நான் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். பால் எடுக்கும் இடந்தோறும் ஒரு சிறிய கணினி இருக்கும். அவை எல்லாம் சங்கத்தில் உள்ள தலைமைக் கணினியோடு இணைப்பில் இருக்க வேண்டும். ஹோஸ்ட் என்று அதைச் சொல்வோம். இணைப்பு அறுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, “ஒயரப் புடுங்கி மறுபடி சொருகிப் பாருங்க” என்று நான் போனில் கத்துவதைக் கேட்டுக் கேட்டுத்தான் தனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது என்று மகள் கேலி செய்வாள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஆனைக்கரையில் ஒரு தனியார் ஏலக்காய் ஏல நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஏலம் நடக்கும்போது ஹோஸ்டை இயக்குவது அவள் பொறுப்பு. மேடையில் ஏலம் கூறுபவருக்குப் பக்கத்தில் அவள் நாற்காலி. கீழே வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் ஒரு கணினி. விலை மட்டும் சுவரிலுள்ள பெரிய திரையில் ஓடும். சரக்கு வேண்டும் என்கிறவர் தன் முன்னால் இருக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டினால் விலை ஒரு படி ஏறும். கடைசியாகத் தட்டியவருக்கு மூட்டைகள் சொந்தம். முன்பு வாயால் கூவியதை இப்போது விரலால் செய்கிறார்கள்.

ஒருநாள் மாலை அவளே போன் செய்தாள். சாதாரணமாக நான்தான் செய்வேன்.

“அம்மா, இங்க என்னப் பத்தி ஒரு பேச்சு வந்திருக்கு.”

“என்ன பேச்சு?”

“நான் ஹோஸ்டுல உக்காந்துக்கிட்டு சில வியாபாரிங்கள வெட்டி உடறேனாம். அவங்க தட்டற நேரத்துல கம்ப்யூட்டர் செத்துப் போயிருது. வேற யாருக்கோ சரக்குப் போகட்டும்னு நான் பண்றேனாம்.”

“யாரு சொன்னா?”

“முன்வரிசையில ஒரு பெரியவரு. போடிக்காரரு. எந்திரிச்சு நின்னு கள்ளின்னே சொல்லிப்போட்டாரு.”

அதற்கப்புறம் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமலே கேட்டார்.

“போயிப் புள்ளயக் கூட்டிட்டு வந்துரு.”

“ஏனுங்க, இப்பக் கூட்டிட்டு வந்தா ஆமான்னு ஆயிருமுங்க.”

“ஆகட்டும். என்ற புள்ள என்ற ஊட்டுல இருந்தாப் போதும். அவனவன் வாய்க்கு நம்ம பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?”

“அவளுக்குத்தானுங்க சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்கு எந்த எடத்துக்குப் போனாலும்.”

அவர் குழாயை நிறுத்தினார். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏற்றிவிட்டார்.

கேரளத்துக்குள்ளேயே இருக்கும் ஆனைக்கரைக்குப் போக, எங்கள் ஊர்க்காரர்கள் தமிழ்நாட்டுக்குள் போய் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று சுற்றி மறுபடியும் மேலே ஏற வேண்டும். அவ்வளவு நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன். இணைப்பு அறுவதற்கு என்னென்ன காரணம் உண்டு என்று விரல் விட்டு எண்ணினேன். எண்ணும்போதே ஒரு பயம் உள்ளே வந்து உட்கார்ந்தது. காரணம் கிடைக்காமலே போகும் கோளாறுகளும் உண்டு. வந்த மாதிரியே ஒருநாள் தானாக நின்றுவிடும். என் வேலையில் அப்படிச் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பால் சங்கத்தில் அப்படி நின்றால் சந்தோஷப்படுவோம். இங்கே அப்படி நின்றுவிட்டால் என் மகள் பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள் என்றுதான் சொல்வார்கள்.

ஏலக்கூடத்தின் மேலாளர் மலையாளி. தமிழும் பேசுவார். எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் பேசினார்.

“சேச்சி, மோளு நல்ல குட்டி. அது எனக்கறியாம், நல்லாத் தெரியும். ஆனா வாங்குறவங்க இல்லாம ஏலம் உண்டோ? முன்வரிசைக்காரங்க எல்லாரும் வந்து சொல்லிட்டாங்க. அந்தக் குட்டி மேடையில இருந்தா நாங்க வரமாட்டோம்னு.”

“எப்ப வரைக்கும் டைம் குடுப்பீங்க?”

“நாளைக்கு ஒரு ஏலம் உண்டு. அது கழிஞ்சா அடுத்த வாரம் ஒண்ணு. இந்த ரெண்டுக்கு மட்டும் வரச் சொல்லி அவங்ககிட்டக் கேட்டு வச்சிருக்கேன். அதுக்குள்ள காரணம் கிட்டலைன்னா மோளை மாத்தாம வேற வழியில்ல. மத்த ஏலக் கம்பெனிக்காரங்க கேட்டா, ஏன் மாத்தினோம்னு சொல்லியாகணும்.”

என்ன சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த மலையில் வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு பேர் நம்பி உட்காரவைக்கும் எந்த நாற்காலியிலும் அவளை இனி உட்காரவைக்கமாட்டார்கள்.

மகள் கூடத்தில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள், அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முன்பு ஹோஸ்ட் இந்தக் கூடத்தின் பின்னறையிலேயே இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் இடி விழுந்து ஒருமுறை எரிந்துபோனதால், அதைக் கொச்சியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. முன்வரிசையில் உட்காரும் மூத்த வியாபாரிகளுக்கு மட்டும் வருகிறது. பின்னால் இருக்கும் இளவட்டங்களுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. மேடையிலிருக்கும் அவளுடைய கணினிக்கும் வந்ததில்லை.

“அதுனாலதான் சந்தேகம் கெட்டியாயிருச்சு. அப்புறம் இன்னொண்ணும்மா. அவங்க கம்ப்யூட்டர நிறுத்தி மறுபடி போடுவாங்க. போட்டா, ‘நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க’ன்னு ஹோஸ்ட் சேத்துக்காது. நான்தான் அவங்க பேருல நிக்கற பழைய இணைப்ப, அந்த செஷன, நீக்கி உடணும். நீக்கினாத்தான் அவரு மறுபடி வர முடியும். அன்னிக்கு அவரு மேடைக்கே ஏறி வந்துட்டாரு. என் திரையில அவரு பேர அழுத்தி நான் நீக்கறதப் பாத்துட்டாரு.”

“சொல்லலியா நீ?”

“சொன்னேன். ‘ஏங் கண்ணால பாத்தேன்’ங்கறாரு. அதுக்கு மேல என்ன சொல்றது?”

நான் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன். “ஹோஸ்டுல இருந்து ஒருத்தர மட்டும் வெட்ட முடியுமா?”

“முடியும்.”

கூடத்தில் யாரோ துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஏலக்காய்.

“நான் வெட்டல” என்றாள்.

“நான் அதக் கேக்கலியே சாமி.”

“கேட்டயே இப்ப.”

வேலைக்காகக் கேட்ட கேள்விதான் அது. யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். “சரி, ஒயரப் பாக்கலாம் வா” என்றேன்.

பார்த்தோம். முன்வரிசை மேசைகளுக்கடியில் தரையில் பதித்த பெட்டிகளைத் திறந்தால், உள்ளே கைப்பிடி கைப்பிடியாக மிதிபட்ட ஏலக்காய்த் தோல். மாதிரிக்காகத் தட்டில் சுற்றிவரும் காய்களை வியாபாரிகள் கையில் உருட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து, அப்படியே கீழே எறிவது இங்கே வழக்கம். இதுதான் காரணம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சுத்தம் செய்து, முனைகளை மாற்றி, ஒவ்வொரு ஒயரையும் சோதித்தோம். பழைய முனைகளிலும் பழுதில்லை என்று அப்புறம் தெரிந்தது. முன்வரிசைக் கணினியைப் பின்வரிசைக்கு மாற்றிப் போட்டோம். இரண்டும் வேலை செய்தன. கொச்சிக்குச் சிறு தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று விடாமல் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. முன்வரிசையின் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து நான் தட்டத் தட்ட, மேடையில் மகள் “வந்துச்சு, வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொச்சி அலுவலகத்தில் இந்த வேலை பார்க்கும் ஆளைப் போனில் பிடித்தோம்.

“மேடம், இவிடே எல்லா லைட்டும் பச்சை. லைன் பக்கா. உங்க சைடு பாருங்க.”

எங்கள் பக்கமும் பக்காவாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் மகள் தங்கியிருக்கும் விடுதிக்குப் போனோம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் அதைப் பார்க்காதவள்போல இருந்தேன்.

மறுநாள் ஏலத்துக்கு மேலாளர் என்னைப் பின்பக்கச் சுவரோரம் விவசாயிகள் உட்காரும் பெஞ்சில் உட்காரவைத்தார். ஒவ்வொருவராக வியாபாரிகள் வந்தார்கள். முன்வரிசையில் நடுவில் வந்து உட்கார்ந்தவரை எனக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைப் பெரியவர். அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் மேடையைக் காட்டி, அந்தப் பெண் இன்னும் அங்கேதானா என்று கேட்டார்.

“எங்க இருந்தாலும் என்னப்பா. ஒரு கண்ணு அங்கயே இருக்கணும். பிள்ள பாக்க சாதுவாத்தான் இருக்கு” என்று இவர் சத்தமாகவே சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏலம் தொடங்கியது. மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுவரில் ஓடும் விலையைப் பார்த்தால் படபடப்பு கூடியது. அதனால் கீழே பார்த்தேன். என் பெஞ்சிலிருந்து மேசைகளின் பக்கவாட்டும், மடியில் கிடக்கும் கைகளும் தெரிந்தன. வேறு எதையும் பார்க்க முடியாததால் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசை இளைஞர்களின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. வேண்டிய சரக்கோ வேண்டாத சரக்கோ, தொடக்க விலையில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, பக்கத்து ஆளை ஏற்றிவிட ஒரு தட்டு. முன்வரிசையில் அப்படியில்லை. பெரியவர் இரண்டு கைகளையும் துண்டுக்கடியில் மடியில் வைத்திருந்தார். மாதிரித் தட்டு வந்தால் மட்டும் ஒரு கை வெளியே வரும். காயை உருட்டும், எறியும், மறுபடி உள்ளே போய்விடும். தட்டு வந்தது, போனது, அடுத்தது வந்தது. அவர் விசைப் பக்கமே போகவில்லை. முகத்தில் தூங்குகிறாரோ என்று நினைக்கும்படி ஒரு சலிப்பு.

பிறகு பெரிய பருமன் காய்ச் சரக்கு ஒன்று வந்தது. விலை ஏறியது. நின்றது. ஏலம் கூறுபவர் முடிக்கப் போகிற கட்டத்தில் துண்டு விலகி, கை வெளியே பாய்ந்து தட்டியது. சுவரில் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு, ஓங்கி. சரக்கு பின்வரிசைக்குப் போய்விட்டது.

“பாத்தீங்களாப்பா! பாத்தீங்களா எல்லாரும்!” அவர் எழுந்து நின்றார். “நேத்து முழுக்க ஆத்தாளும் மகளும் ஒயர மாத்துறோம்னு என்னத்தையோ நோண்டுனாய்ங்களே. இதத்தான் நோண்டுனாய்ங்களா? இந்தக் கள்ளி அங்க இருக்கற வரைக்கும் நான் ஒரு காயி வாங்க முடியாது!”

“அய்யா, நான் எதுவும் பண்ணலீங்க” என்றாள் மகள். மைக் திறந்திருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். என்ன செய்ய எழுந்தேன் என்று தெரியவில்லை. மேலாளர் ஓடிவந்து அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். மகள் அவருடைய பழைய செஷனை நீக்கினாள். அவர் அவளையே முறைத்துக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்தார். இப்போது கணினி வேலை செய்தது. அது வேலை செய்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஆனால் கைகள் மனதை விட்டுப் போகவில்லை. ஏலம் முடிந்ததும் டீக்கடைக்குப் போனேன். அவர் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“நீங்கதானா அந்தப் பிள்ளையோட அம்மா. நேத்தே சொல்லிருக்கலாம்ல. மகளுக்கு வக்காலத்து வாங்க வந்தீகளோ?”

“இல்லீங்க. ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு வேண்டிய சரக்கு வர்ற வரைக்கும் நீங்க தட்டவே மாட்டீங்களா?”

“எதுக்குத் தட்டணும்? கைய மேல வச்சேன்னாலே பக்கத்துல இருக்கறவன் மோப்பம் புடிச்சிருவான், இவன் எதுக்கோ காத்திருக்கான்னு. எங்கப்பா காலத்துல இருந்து இந்த மலைக்கு வாரோம். கையக் காட்டாம வாங்குனாத்தான் யாவாரம். பின்னால உக்காந்து தந்தி அடிக்கிறாய்ங்களே, அதுவா யாவாரம்?”

“முன்வரிசையில எல்லாரும் அப்படித்தானுங்களா?”

“விவரமுள்ளவுக எல்லாரும்.” கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அன்று அவர் எனக்கு இடம் விடவில்லை.

திரும்பக் கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மகள் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். “நேத்து நம்ம சோதிச்சோம் பாரு, அதுல ஒரு தப்பு” என்றேன். “நான் தட்டிக்கிட்டே இருந்தேன். யாரும் தட்டாம இருந்தா என்ன ஆகுதுன்னு பாக்கவே இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். பாதி சொல்லும்போதே புரிந்துகொள்வது சின்ன வயதிலிருந்தே அவள் வழக்கம்.

முன்வரிசைக் கணினியில் இருவரும் நுழைந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. விசைப்பலகையில் ஒரு ஏலக்காய் விதை ஒட்டியிருந்தது. மகள் தட்டிவிடக் கையை நீட்டினாள். “தொடாத!” என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மறுபடி அமைதி. வெளியே ஜீப் ஒன்று ஆள் கூப்பிட்டது, போனது. ஒரு மேகம் வந்து கூடம் இருட்டி, மறுபடி வெளுத்தது.

“இப்பத் தட்டு.”

தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். மேடைக்கு ஓடிப்போய், ஹோஸ்டைக் காட்டும் தன் திரையைப் பார்த்தாள். “அம்மா, இங்க பச்சை. இணைப்புல இருக்கறதாக் காட்டுது!”

மறுபடியும் கொச்சிக்குப் போன். இந்த முறை மகளே பேசினாள். ஹோஸ்டுக்கு முன்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, வெளியாட்கள் நுழையாமல் காக்க ஒரு ஃபயர்வால் கருவி உண்டு, ஹோஸ்டை மாற்றியபோது வைத்தது, எல்லா இடத்திலும் வைப்பதுதான் என்றார். சும்மா இருக்கும் இணைப்பை அது எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்று கேட்டாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம். பிறகு, “ஓ” என்றார்.

விஷயம் இதுதான். தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் அந்தக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் எதுவும் போகாமலும் வராமலும் இருந்தால், அந்த இணைப்பு முடிந்துபோனது என்று எண்ணி மறந்துவிடும். மறந்ததை யாருக்கும் சொல்லாது. கணினி தான் இணைப்பில் இருப்பதாகவே நம்பும், ஹோஸ்டும் அப்படியே நம்பும். பெரியவர் தட்டும்போது அந்தத் தட்டல் வழியிலேயே தொலைந்துபோகும். சும்மா இராமல் தட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இது நடக்காது. எங்கள் பால் சங்கத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. அங்கே கேனோடு வரிசையில் நிற்பவர்கள் கணினியை ஒரு நிமிஷம் சும்மா விடமாட்டார்கள்.

கொச்சியில் அந்த நேர வரம்பை நீட்டினார்கள். யாரும் தொடாவிட்டாலும் ஒவ்வொரு கணினியும் இடையிடையே ‘இருக்கிறேன்’ என்று ஹோஸ்டுக்கு ஒரு சிறு தகவல் அனுப்பும்படி மகள் மாற்றி அமைத்தாள். அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் நாற்காலி மாற்றி நாற்காலி சும்மா உட்கார்ந்து, சும்மா உட்கார்ந்து, பிறகு தட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட அறவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “செரி, அப்பக் கூட்டிட்டு வா” என்றார். காரணம் கிடைத்தது என்பது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த ஏலத்தன்று மேலாளர் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் விளக்கினார். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு.

“அப்ப, நாங்க பேசாம உக்காந்திருந்ததுதான் தப்புன்றீகளா?” என்றார் பெரியவர்.

பின்னாலிருந்து ஒரு இளைஞர் குரல் கொடுத்தார். “பெரியப்பா, இனிமே தூங்காம ரெண்டு தட்டு தட்டிக்கிட்டே இருங்க.”

“போடா டேய். நான் தூங்கிக்கிட்டே எடுத்த சரக்க ஒங்கப்பன் முழிச்சுக்கிட்டு எடுத்ததில்ல. வேணும்னா கேட்டுப் பாரு.”

கூடம் சிரித்தது. ஏலத்துக்கு முன்னால் அவரே சோதித்துப் பார்க்கட்டும் என்று மேலாளர் சொன்னார். பெரியவர் கைகளைத் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கப் பொறுக்காமல் கேலி நடந்தது. குறட்டை விடுவதுபோல ஒருவர் சத்தம் கொடுத்தார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் சோதித்த பிறகும், இந்த ஒரு தட்டு தவறிவிட்டால் என்று மனம் அடித்துக்கொண்டது. மேலாளர் தலையசைத்தார். பெரியவர் தட்டினார். சுவரில் விலை ஒரு படி ஏறியது.

“ம். வேல செய்யுது” என்றார்.

அவ்வளவுதான். முதல் மாதிரித் தட்டு சுற்றிவர ஆரம்பித்தது. எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஏலம் கூறுபவர் தொண்டையைச் செருமினார். மகள் தொடங்கவில்லை.

“என்னம்மா, ஆரம்பி” என்றார் அவர்.

மகள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். “அய்யா, என்னப் பாத்து ஒரு வார்த்த சொன்னீங்க. ரெண்டு ஏலத்துல சொன்னீங்க. அது அப்படியே இருக்குதுங்க.”

பெரியவர் சிரித்தார். “யாவாரத்துல ஆயிரம் பேசுவோம் தாயி. அதையெல்லாம் மனசுல வைக்கலாமா?”

“நான் வைக்கலீங்க. நீங்க வச்ச எடத்துலயே இருக்குது. எடுத்தீங்கன்னா ஆரம்பிச்சிருவேன்.”

விட்டுவிடு, கிடைத்தது போதும் என்று அவளுக்குச் சைகை காட்ட நினைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் தொடங்காமல் ஹோஸ்ட் நகராது. மேலாளர் மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். என் பெஞ்சில் இருந்த விவசாயிகள் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே, சொல்லிட்டு உக்காருங்கண்ணே. காயெல்லாம் வெளுத்துப் போகும்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

பெரியவர் எழுந்தார். துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். அவளைப் பார்க்காமல், ஏலம் கூறுபவரைப் பார்த்துச் சொன்னார்.

“மிசினுதான் வெட்டிருக்கு. பிள்ள வெட்டல. போதுமா?”

தப்பு என்ற சொல் அதில் இல்லை. அதையும் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. “போதுங்க” என்றாள். முதல் சரக்கின் எண்ணைத் திரையில் ஏற்றினாள். நடுவில் ஒருமுறை பெரியவர் பெரிய பருமன் காய் வாங்கினார். கை துண்டிலிருந்து பாய்ந்து வந்து தட்டியது, விலை ஏறியது, சரக்கு அவருக்கே போனது. அவர் திரும்பி மேடையைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுத்த மாதிரித் தட்டுக்குக் கை நீட்டினார்.

இடைவேளை விட்டதும் மகள் இறங்கி, என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். நடை சரியில்லை. பின்னாலேயே போனேன். கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது. முதுகைத் தடவினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“முடிஞ்சுதுல்ல சாமி. எல்லாம் முடிஞ்சுதுல்ல.”

அவள் வாயைக் கொப்பளித்தாள். “நாளைக்கு வேற எதாச்சும் நின்னுச்சுன்னா, மொதல்ல என்னத்தானம்மா பாப்பாங்க.”

குழாயை மூடினேன். “ஊட்டுக்கு வந்துர்றயா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்.”

உள்ளே மணி அடித்தது. என் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கண்ணு செவந்திருக்கா?”

“இல்ல கண்ணு.” நன்றாகவே சிவந்திருந்தது.

அவள் போய்விட்டாள். ஜன்னல் வழியாக ஏலம் கூறுபவரின் குரல் கேட்டது, சரக்கின் எண், விலை, அடுத்த எண். நான் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. குழாயடியிலேயே நின்று, உள்ளே யாராவது குரலை உயர்த்துகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.